ஆடாதே அக்காவும் ஆடிய நிழலும்

மாமியார் வைத்திருப்பது பல் செட்டு என்று அந்த மருமகளுக்குத் தெரியாது. கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மாமியாருக்குத் தாடையில் வலி என்று சீட்டு வாங்கிக்கொண்டு இருவரும் எக்ஸ்ரே அறைக்கு வந்தார்கள். மேல் செட்டைக் கழற்றினால்தான் படம் எடுக்க முடியும். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மருமகளையே ஓரக்கண்ணால் பார்த்தாள். நான் மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

“நீ எதுக்கு இங்க நிக்கறே? சினிமாக் கொட்டகையா இது? வெளியே போ!” என்று எக்ஸ்ரே அக்கா அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்தினாள்.

“இல்ல, அத்தைக்குத் துணைக்கு…”

“உங்க அத்தையை நான் கடிச்சுத் தின்னுட மாட்டேன். போ!”

அந்தப் பெண் கண் கலங்கி வெளியே போனாள். அக்கா கதவைத் தாழ் போட்டாள். என்னை அவள் ஓர் ஆளாகவே எண்ணியதில்லை என்பதால், வாளியோடு வாளியாக நான் உள்ளேயே இருந்துவிட்டேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டை நீட்டினாள். “வைங்க” என்றாள். படம் எடுத்து முடித்ததும் அந்தச் செட்டைக் குழாயடியில் தன் கையாலேயே கழுவி, நீரை உதறி, மறுபடியும் முதுகைக் காட்டியபடி நீட்டினாள். அந்த அம்மா வாயைச் சரி செய்து, கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்ட பிறகுதான் தாழ் திறந்தது. வெளியே வந்ததும் மருமகளுக்கு இன்னொரு திட்டு விழுந்தது: “சுவத்துல சாயாதே, அழுக்காகுது.” மாமியாரும் மருமகளும் ஒன்றாகச் சேர்ந்து அவளைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

அவளைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். மற்றபடி அவளோடு வேலை பார்த்த பதினோரு வருஷமும் சண்டைதான்.

எங்கள் பல் ஆஸ்பத்திரி மூன்று மாடி. எக்ஸ்ரே அறை கீழே, மாடிப்படிக்கு அடியில், ஜன்னல் இல்லாமல் இருக்கும். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது. பக்கத்தில் படம் கழுவும் இருட்டறை. அங்கே மூன்று தொட்டி மருந்து நீர், புளித்த வாடை. அந்த மருந்து பட்டுப் பட்டு அக்காவின் நகமெல்லாம் பழுப்பேறியிருக்கும். ஒல்லியாக, உயரமாக, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். ஐம்பது தாண்டிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப் பிறந்த அண்ணனோடு பேச்சு இல்லை. மத்தியானச் சாப்பாட்டைப் பின்வாசல் படியில் தனியாக, எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவாள். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

எதிரே ‘எக்ஸ்ரே அக்கா’ என்போம். முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் ‘ஆடாதே’. நாளெல்லாம் அவள் வாயிலிருந்து வரும் சொல் அது ஒன்றுதான். சின்னப் படத்தகட்டை வாய்க்குள் வைத்து, விரலால் பிடித்துக்கொள்ளச் சொல்லி, குழாயை முகத்துக்கு நேராகத் திருப்பி, வெளியே ஓடிவந்து பொத்தானில் கை வைத்து ஒரு கத்து கத்துவாள்: “ஆடாதே!” சின்னக் குழந்தைக்கும் அதுதான், நரைத்த பெரியவருக்கும் அதுதான், காரில் வந்து இறங்கும் அதிகாரிக்கும் அதுதான்.

“பெரியவங்ககிட்ட ஆடாதீங்கன்னு சொன்னா என்ன அக்கா? நாக்கு தேஞ்சா போயிடும்?” என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

“சொல்லிப் பாத்துட்டேன். ஆடாதீ… வரைக்கும் சும்மா இருக்காங்க. ‘ங்க’ வர்றதுக்குள்ள தலையை ஆட்டி ‘சரிங்க’ன்னுடறாங்க. படம் போச்சு. உன் மரியாதைக்காக ஒரு ஆளுக்கு ரெண்டு தடவை கதிரைப் பாய்ச்சச் சொல்றியா? போ, போய்த் தரையைத் தொடை.”

சீட்டு எழுதும் பெண் இதைக் கேட்டு, “அவளுக்குத்தான் ரொம்ப ஆட்டம். யாராவது அவளைப் பாத்து ஆடாதேன்னு சொன்னா தேவலை” என்றாள். நாங்கள் வாய்பொத்திச் சிரித்தோம். கடவுள் என்னை மன்னிக்கட்டும், நான்தான் அதிக நேரம் சிரித்தேன்.

எனக்கும் அவளுக்கும் பகை முற்றிப்போனது ஒரு துண்டுச் சீட்டால். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி எழுதுவேன். அந்த அறைக்குள் போகிறவர்கள் முகமெல்லாம் பயந்துபோய் இருப்பதைப் பார்த்து, ‘இறைவா, உள்ளே வருபவர்களைக் காக்க’ என்று என் கையால் எழுதி, கதவுக்கு மேலே ஸ்டூல் போட்டு ஏறி ஒட்டினேன். மறுநாள் காலை அவள் அதைக் கிழித்துக் கையில் வைத்திருந்தாள்.

“யார் ஒட்டினது?”

“நான்தான் அக்கா. பிரார்த்தனை…”

“சிவப்பு விளக்கை மறைச்சு ஒட்டியிருக்கே. விளக்கு எரியறது தெரியாம எவனாவது கதவைத் திறந்தா உன் பிரார்த்தனையா வந்து குறுக்கே நிக்கும்? அது போகட்டும், இது என்ன? காகக. காக்கன்னு எழுதத் தெரியலையா? புள்ளி எங்க?”

“விட்டுப் போச்சு.”

“புள்ளி இல்லாம எழுதினா காக்கா கத்தற மாதிரி இருக்கு. கடவுளுக்கு எப்படிப் புரியும்?”

சுற்றி நான்கு பேர் நின்றார்கள். சிரித்தார்கள். அவள் சீட்டைக் குப்பை வாளியில் போட்டாள். அதை நான்தான் அள்ள வேண்டும். இறைவன் பெயர் எழுதிய தாளைக் குப்பையிலிருந்து எடுத்து, துடைத்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அன்று முழுக்க அழுதேன். விளக்கு விஷயத்தில் அவள் சொன்னது சரி என்று மனசுக்குத் தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் கூடியது.

அந்த வாரம்தான் சீட்டு எழுதும் பெண் மேனேஜருக்குக் கடுதாசி தயார் செய்தாள். மரியாதை இல்லாமல் பேசுகிறாள் என்று ஒரு வரி. டாக்டர் சீட்டு இல்லாமல் எல்லை மீறி நோயாளிகளிடம் கேள்வி கேட்கிறாள் என்று ஒரு வரி. துணைக்கு வந்த மருமகளை அடிக்காத குறையாக விரட்டினாள் என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்துக் காட்டியபோது, உண்மை என்ன என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். “அது அப்படி இல்ல” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ‘ஆண்டவனே, நீயே கேள்’ என்று முணுமுணுத்துக்கொண்டு என் பெயரை எழுதினேன். மொத்தம் பதினோரு பேர்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை எல்லை தாண்டினால் வேலை இல்லை என்று சொன்னாராம். “பேரையெல்லாம் காட்ட மாட்டாரு, பயப்படாதே” என்று சீட்டுப் பெண் எனக்குச் சமாதானம் சொன்னாள். அக்காவும் அன்றைக்கு வழக்கம்போலத்தான் இருந்தாள். தரை ஈரம் காயவில்லை என்று என்னைத் திட்டினாள்.

இதற்குப் பிறகு ஒரு மாதத்தில் என் வீட்டுக்காரருக்கு வாய்க்குள் உப்புக் கரிக்க ஆரம்பித்தது.

அவர் ஒரு பேண்டு குழுவில் ட்ரம்பெட் ஊதுகிறவர். பதினான்கு வயதிலிருந்து ஊதுகிறார். வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். ஊர்வலத்தில் முதல் ஆளாக, தலையைப் பின்னால் சாய்த்து, கன்னம் உப்பி அவர் ஊதினால் மாடியில் இருப்பவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். திறப்பது கேட்கவா, திட்டவா என்பது வேறு விஷயம். அந்தக் குழலை வைத்து அழுத்த முன்பல் வேண்டும். உதட்டுக்குப் பின்னால் நிற்கும் சுவர் அதுதான். பல் செட்டு வைத்து ஊதலாமே என்று யாரோ சொன்னதற்கு, “கட்டைக் காலோட ஓட்டப் பந்தயமா?” என்று கேட்டுவிட்டார்.

முதலில் குழலில்தான் களிம்பு ஏறிவிட்டது என்று இரண்டு நாள் அதைத் தேய்த்தார். பிறகு என் குழம்பில் உப்பு அதிகம் என்று இரண்டு நாள் என்னோடு சண்டை. அப்புறம்தான், முன்பல்லுக்குப் பின்னால், மேல்வாயில், ஒரு வீக்கம் நாக்கில் தட்டுப்படுகிறது என்று சொன்னார். வலி கிடையாது. அழுத்தினால் உப்பு நீர் கசியும். ‘கட்டி’ என்ற சொல் என் வாயில் வரவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் அது பெரிதாகிவிடும் என்று எனக்கு ஒரு பயம்.

எங்கள் பெரிய டாக்டர் கைராசிக்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு நேரம் இல்லை. விளக்கை வைத்துப் பார்த்து, முன்பல் இரண்டையும் ஆட்டிப் பார்த்தார். “ஆடுது. எப்பவாவது அடிபட்டதா?”

“இருபது வருஷம் முன்னாடி பக்கத்துல முரசு அடிக்கறவன் குச்சி வாயில பட்டுது டாக்டர்.”

“அதான். பல்லு செத்துப் போய், வேர்ல சீழ் வெச்சிருக்கு. படம் எடுத்துட்டு வாங்க.”

எக்ஸ்ரே அறையில் நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வியர்க்கும்.

“உக்காரு. வாயைத் திற. இதைப் பிடி. ஆடாதே.”

“ஏம்மா, ஆளு யாருன்னு தெரியுமா? ஊர்வலத்துல முன்னாடி நிக்கறவன் நான். கொஞ்சம் மரியாதையா…”

“ஊர்வலத்துல நில்லு. இங்க உக்காரு.”

“இவளா? நீ சொல்வியே அந்த ஆடாதே, இவதானா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டார். எனக்கு நின்ற இடத்திலேயே உயிர் போனது.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஆமா, அவதான். இப்பப் பேசினதுல ஒரு படம் கெட்டுச்சு. வாயை மூடாம மூடு.”

“வாயை மூடாம எப்படிம்மா மூடறது?”

“பேச்சை மூடு!”

இரண்டாவது முறை எடுத்த படம் பெரிய டாக்டரிடம் போனது. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூச்சு நாலு விடுவதற்குள், “ரெண்டு பல்லையும் எடுத்துடலாம். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாங்க” என்றார். வீட்டுக்காரர் அதுவரை ஆடிய ஆட்டமெல்லாம் அடங்கி, படியில் உட்கார்ந்துவிட்டார். குழலை எடுத்து வரவில்லை. ஆனாலும் அவர் உதடு குழலில் வைப்பதுபோல் குவிந்து குவிந்து விரிந்தது.

சாயங்காலம் நான் எக்ஸ்ரே அறை துடைக்கப் போனபோது அக்கா வெளிச்சப் பெட்டி முன்னால் நின்றிருந்தாள். அதில் அவர் படம்.

“இங்க வா. இது என்ன தெரியுது?”

“கறுப்பா… வேர் நுனியில. இதயம் மாதிரி இருக்கு அக்கா.”

“மாதிரியெல்லாம் வேண்டாம். அந்தத் துடைப்பக் கட்டையை நேரா நிமித்திப் பிடி. பின்னால கதவுல கைப்பிடி இருக்கா? கட்டை கைப்பிடியை மறைக்கற மாதிரி நில்லு. ஒரு கண்ணை மூடு. இப்பப் பாத்தா கைப்பிடி கட்டையிலயே ஒட்டிக்கிட்ட மாதிரி இருக்கா?”

“ஆமா.”

“தலையை மட்டும் இடது பக்கம் நகத்து.”

நகர்த்தினேன். கைப்பிடி கட்டையை விட்டு விலகி வந்துவிட்டது.

“அதான். கட்டையோட ஒட்டினதுன்னா நீ எந்தப் பக்கம் நின்னாலும் கட்டையோடவே இருக்கும். தனியா இருக்கறதுன்னா விலகும். இந்தக் கறுப்பு, வேர்ல இருந்து வந்ததா, வேருக்குப் பின்னால மேல்வாய் எலும்புக்குள்ள தனியா இருக்கறதான்னு ஒரு படத்துல சொல்ல முடியாது. குழாயை நகத்தி இன்னொண்ணு எடுக்கணும். நிழல் ஆடுதான்னு பாக்கணும். ஆடினா பல்லு மேல குத்தம் இல்ல. பல்லுக்கு உயிர் இருக்கான்னு ஐஸ் வெச்சுப் பாத்தாரா டாக்டர்?”

“இல்ல.”

“நாளைக்கு எட்டு மணிக்கு அந்த வாயாடியைக் கூட்டிட்டு வா.”

“சீட்டு இல்லாமயா? உங்களை… மேனேஜர்…” என்று இழுத்தேன். நான் கையெழுத்துப் போட்ட கடுதாசியின் இரண்டாவது வரி நெஞ்சில் முள்ளாக நின்றது. இன்னொரு பக்கம் சந்தேகமும் இருந்தது. ஊரே கையெடுத்துக் கும்பிடும் டாக்டர் ஒன்று சொல்கிறார். யாருக்கும் பிடிக்காத ஒருத்தி வேறொன்று சொல்கிறாள். “பெரிய டாக்டருக்குத் தெரியாததா அக்கா?” என்று கேட்டேன்.

அவள் என்னை முறைத்தாள். பிறகு நாக்கால் என்னவோ செய்தாள். மேல் வரிசையில் முன்பல் இரண்டும் ஒரு சிவப்புத் தகட்டோடு கழன்று கீழுதட்டுக்கு வந்து நின்றன. ஒரு நொடிதான். உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டாள்.

“இருபது வயசுல, இதே நாற்காலி. வேர்ல சீழ்னு பிடுங்கினாங்க. புண்ணு ஆறிச்சு. ஆறு மாசம் கழிச்சுப் படம் எடுத்தா நிழல் அப்படியே இருக்கு. பல்லுதான் இல்ல. என்ன பாக்கறே? எட்டு மணி. லேட்டா வந்தா கதவைத் திறக்க மாட்டேன்.”

வீட்டில் அவர் துள்ளினார். “அந்தப் பேய்கிட்டயா? மறுபடியுமா?” நான் அவர் எதிரில் முழங்காலிட்டுப் பிரார்த்தனை செய்தேன். கடவுளிடம் கேட்டது பாதி, அவர் காதில் விழட்டும் என்று சொன்னது பாதி. காலையில் வந்தார்.

அக்கா ஒரு ஐஸ் துண்டைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். எச்சரிக்கை ஒன்றும் கொடுக்காமல் அவருடைய முன்பல்லில் வைத்தாள். அவர் நாற்காலியோடு எழும்பினார்.

“ஐயோ! கொலைகாரி!”

“உயிர் இருக்கு” என்றாள் அக்கா. அடுத்த பல்லில் வைத்தாள். அவர் சொன்னதை நான் எழுத மாட்டேன். “இதுக்கும் இருக்கு. செத்த பல்லு இப்படிக் கெட்ட வார்த்தை பேசாது.”

பிறகு குழாயைப் பக்கவாட்டில் நகர்த்தி வைத்தாள். படத்தின் மூலையில் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கும். அது வேர் மேல் விழுந்தால் வேர் தெரியாது. அந்தப் புள்ளியைக் கட்டை விரலால் தடவிப் பார்த்து, கீழ்ப்பக்கமாகத் திருப்பி அவர் வாய்க்குள் வைத்தாள். “ஆடாதே!” இந்த முறை அவர் ஆடவில்லை. பதிவு நோட்டில் ‘யார் சொல்லி’ என்ற இடத்தில் ‘நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பத்து மணிக்கு அவரைப் பெரிய டாக்டரின் நாற்காலியில் சாய்த்துவிட்டார்கள். மரத்துப்போக ஊசி தயாராக இருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள். இரண்டு கையிலும் கிளிப்பில் தொங்கும் படங்கள். ஒன்று இன்னும் ஈரம். நான் துடைத்த தரையெல்லாம் சொட்டு.

“டாக்டர், இதைப் பாத்துட்டு ஊசி போடுங்க.”

“யார் எடுக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல. நிழல் ஆடியிருக்கு. வேரைச் சுத்தி வெள்ளைக் கோடு ரெண்டு பல்லுக்கும் அறுபடாம இருக்கு, வேர்ல சீழ்னா அது அறுந்திருக்கணும். பல்லுக்கு உயிரும் இருக்கு.”

“படம் எடுக்கறது உன் வேலை. படிக்கறது என் வேலை. வெளியே போ.”

“படிங்க, போறேன்.”

“வெளியே போன்னு சொன்னேன்!”

“முப்பது வருஷத்துக்கு முன்னாடியும் ஒருத்தர் இப்படித்தான் கத்தினார். அவரும் நல்ல டாக்டர்தான்.”

டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. அவர் படத்தை வாங்கவே இல்லை. அந்த ஈரப் படம் அவர் மூக்குக்கு நேராகச் சொட்டிக்கொண்டே இருந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர் என்னைத் தேடினார். ஆயுசில் முதல் தடவையாக, “நீ சொல்லும்மா, நான் என்ன செய்ய?” என்று கேட்டார்.

என் வேலையும் அந்த டாக்டர் கையில்தான். கண்ணை மூடிக் கடவுளிடம் ஒரு வார்த்தை கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. துடைப்பக் கட்டையும் கதவுக் கைப்பிடியும்தான் கண்ணுக்குள் வந்தன. “எழுந்து வாங்க” என்றேன்.

“போங்க. அப்புறம் சீழ் கண்ணுக்கு ஏறிச்சுன்னா இங்க வந்து அழாதீங்க” என்றார் டாக்டர்.

இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போனால் வேறோர் இடத்தில் தலையைச் சுற்றிவந்து படம் எடுக்கும் பெரிய மெஷின் இருந்தது. அக்கா ஒரு தாளில் விலாசம் எழுதி என் வாளிக்குள் போட்டிருந்தாள், கையில் கொடுக்கவில்லை. அங்கே இருந்த பெண் இனிக்க இனிக்கப் பேசினாள். வெளியே வந்ததும் வீட்டுக்காரர் சொன்னார்: “அந்தப் பொண்ணு ‘சார், கொஞ்சம் அசையாம இருங்க சார்’னு ரெண்டு தடவை சொல்லிச்சு. ரெண்டு தடவையும் தலையை ஆட்டி ‘சரிம்மா’ன்னுட்டேன். மூணாவது தடவை எனக்கு நானே ‘ஆடாதே’ன்னு சொல்லிக்கிட்டேன். அப்பதான் படம் சரியா வந்துச்சு.”

ரொட்டியை வில்லை வில்லையாக வெட்டியதுபோல் அவருடைய மேல்வாய் கம்ப்யூட்டரில் தெரிந்தது. அங்கிருந்த டாக்டர் ஒவ்வொரு வில்லையாகத் தள்ளிக் காட்டினார். முன்பல்லுக்குப் பின்னால், எலும்பின் நடுவில், எல்லோருக்கும் ஒரு சின்னக் குழாய் உண்டாம். அதற்குள் நீர் கட்டி, கோலிக்குண்டு அளவுக்கு உப்பியிருந்தது. அதுதான் பல்லைப் பின்னாலிருந்து நெட்டித் தள்ளி ஆட வைத்திருக்கிறது. வேர் இரண்டும் சுத்தம். “நீர்க்கட்டி மாதிரிதான் தெரியுது. எடுத்து, சோதனைக்கு அனுப்பி உறுதி பண்ணிக்கலாம். பல்லை யாரும் தொட வேண்டாம்” என்றார். ‘கட்டி’ என்ற சொல்லை அன்றைக்குத்தான் நான் பயமில்லாமல் காதில் வாங்கினேன்.

மேல்வாய்ப் பக்கமாகக் கீறி அதை எடுத்தார்கள். சோதனையிலும் கெடுதல் ஒன்றும் இல்லை என்று வந்தது. பல்லுக்குப் பின்னால் ஒரு விரல் நுனி அளவு இன்றைக்கும் மரத்தே இருக்கிறது, அவ்வளவுதான். நாலு மாதம் கழித்து அவர் குழலை எடுத்தபோது கன்றுக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்தது. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். அவர் குழலை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். பல் இரண்டும் ஆடவில்லை.

ஆனால் அவர் குழலை எடுப்பதற்கு முன்பே அக்காவை அனுப்பிவிட்டார்கள்.

டாக்டரை எதிர்த்தது, சீட்டு இல்லாமல் எடுத்தது, அதோடு பழைய கடுதாசி, பதினோரு கையெழுத்து. நான் மெஷின் படத்தை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் ஓடினேன். நெடுநேரம் பார்த்தார். “சரி” என்றார். படத்தை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். மேனேஜரிடம் போய், என் கையெழுத்தை அடித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். “போட்டது போட்டதுதாம்மா. அழிச்சா பேப்பர் செல்லாது” என்றார். இப்போது முன்பல் வீக்கம் என்று யாராவது வந்தால் பெரிய டாக்டர் சீட்டில் ‘இரண்டு படம்’ என்று எழுதி அனுப்புகிறார். அவளுக்கு அது தெரியுமோ தெரியாதோ.

கடைசி நாள், மத்தியானம், பின்வாசல் படியில் அவளைப் பிடித்தேன். தோளில் ஒரு துணிப்பை, கையில் சாப்பாட்டு டப்பா. வழியனுப்ப யாரும் வரவில்லை. சீட்டு எழுதும் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். நான் படியில் குறுக்கே நின்றேன்.

“அக்கா, அவருக்குத் தையல் பிரிச்சாச்சு.”

“வாயைத் திறந்துட்டானா? பாவம் அந்தத் தெரு.”

“அக்கா, அந்தக் கடுதாசியில… நானும் கையெழுத்துப் போட்டேன்.”

“தெரியும். மேனேஜர் கூப்பிட்ட அன்னைக்கே காட்டிட்டாரு. ஏழாவது கையெழுத்து.”

அன்றைக்கே. அப்படியென்றால் துடைப்பத்தை நிமிர்த்திப் பிடிக்கச் சொன்னபோதும், ஐஸ் வைத்தபோதும், நோட்டில் ‘நான்’ என்று எழுதியபோதும் அவளுக்குத் தெரியும். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அவள் கண்ணாடியை மூக்கில் ஏற்றி என்னைப் பார்த்தாள்.

“உன் பேர்ல நடுவுல ஒரு புள்ளி வரணும். அங்கயும் வெக்கல. புள்ளி இல்லாம படிச்சா அது உன் பேரே இல்ல. வேற எவளோ போட்ட கையெழுத்து. அதுக்கு நீ எதுக்கு என் வழியில நின்னு அழறே? தள்ளு, பஸ் போயிடும்.”